நூற்றுக்கு நூறு வாங்கிய பெட்ரோல்

மார்க்கு விஷயத்தில் நம்மவர்களுக்குள்ள மோகம் சொல்லி முடியாது. பையன் கணக்கில் 91 மார்க்கு வாங்கி வந்தால், "எதிர் வீட்டுப் பையன் 95 வாங்கியிருக்கிறானாமே!" என்று கேட்காத தகப்பனார் அபூர்வம். பல வருஷங்களாக மார்க்குப் போட்டே காலந் தள்ளி வருகிறவன் என்ற முறையில் இதை நான் சற்று உரிமையோடு சொல்லலாம். இந்த மோகம் பள்ளிக்கூடத்து வாசலோடு நின்றிருந்தால் பாதகமில்லை. இப்பொழுது அது பெட்ரோல் பங்க் வரையில் வந்துவிட்டது. சாதாரணப் பெட்ரோல் 91 என்கிறார்கள். அடுத்த குழாயில் 95 என்று எழுதியிருக்கிறது. சில இடங்களில் 97, 99 என்றும் காண்கிறோம். பெரிய நகரங்களில் 100-ம் கிடைக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கிய பெட்ரோல் ஒன்று இருக்கும்போது, 91 வாங்கிய பெட்ரோலை எந்த ரோஷமுள்ள வாலிபன் தன் வண்டிக்குப் போடுவான்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமல்லபுரத்துக்கு வந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக, கோவளத்தையும் திருவிடந்தையையும் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் மோட்டார் சைக்கிள்கள் அணியணியாக வந்து இறங்குகின்றன. வந்தவர்கள் அர்ச்சுனன் தபசைப் பார்க்கிறார்களோ இல்லையோ, டீக்கடையைப் பார்க்கத் தவறுவதில்லை. அங்கே நடைபெறும் சம்பாஷணையில் மகேந்திர வர்மனுக்கும் நரசிம்ம வர்மனுக்கும் இடம் குறைவு. ஆக்டேனுக்குத்தான் முதல் தாம்பூலம்.

"நூறு ஆக்டேன் போட்டேன், சார்! வண்டி சும்மா பறக்கிறது!" என்றான் என் பழைய மாணவன் ஒருவன். அவனுடைய வண்டி, தகப்பனார் காலத்திலிருந்து வீட்டில் இருந்து வரும் பழைய புல்லட். அவனோ அப்பொழுதுதான் வேலையில் அமர்ந்தவன். சம்பளத்தில் ஒரு பெரும் பகுதி வீட்டுக் கடனுக்குப் போகிறது என்பதையும் நான் அறிவேன்.

"ஆக்டேன் என்றால் என்னப்பா?" என்று கேட்டேன்.

"பவர், சார்!" என்றான், சிறிதும் தயங்காமல்.

அந்த ஒரு வார்த்தைதான் அவனுடைய பணப்பையைக் காலி செய்து கொண்டிருந்தது. பெட்ரோலின் பலத்துக்கும் ஆக்டேன் எண்ணுக்கும் நேரடியான சம்பந்தம் கிடையாது. 100 ஆக்டேன் பெட்ரோல் ஒரு லிட்டரில் 91 ஆக்டேன் பெட்ரோலைக் காட்டிலும் அதிகமான சக்தி அடைபட்டுக் கிடக்கிறது என்பது வெறும் பிரமை. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமைக்கு இடப்படும் மார்க்கு.

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சூடேறுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, காற்றை நசுக்கினால் உஷ்ணம் பிறக்கும் என்பது தெரியும். நசுங்கிச் சூடேறி நிற்கும் கலவைக்கு ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைக் கொடுக்கிறது. பொறி பட்ட இடத்தில் பிறந்த தீ, அலைபோல் ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். இதுவே முறை. ஆனால் தீ வந்து சேருவதற்குள், மூலையில் நெருக்குண்டு கிடக்கும் மிச்சக் கலவை பொறுமையிழந்து தானே பற்றிக் கொள்வதும் உண்டு. தேர்த் திருவிழாவில் எல்லோரும் ஒரே குரலில் வடத்தை இழுக்கும்போது, ஒரு பக்கத்தில் மட்டும் சிலர் தாறுமாறாக வெட்டி இழுத்தால் தேர் எப்படிக் குலுங்கும்? எஞ்சினும் அப்படியே குலுங்குகிறது. சிலிண்டரின் சுவரில் சிறு சுத்தியால் அடிப்பது போன்ற ஒரு 'டிக் டிக்' சப்தம் கேட்கிறது. இதைத்தான் பட்டறைக்காரர்கள் 'நாக்கிங்' என்கிறார்கள். நாள்பட்டால் பிஸ்டனின் தலை அரிக்கும். ஓட்டை விழுந்த பிஸ்டன்களும் உண்டு.

மாமல்லபுரத்தில் சரிவான பாறைமேல் உருளாமல் நிற்கிறதே, கிருஷ்ணனுடைய வெண்ணெய் உருண்டை, அதைப் போல், 'இதோ உருண்டேன், இதோ உருண்டேன்' என்று பயமுறுத்திக் கொண்டே கடைசி வரையில் அசையாமல் நிற்கும் பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் அதிகம்.

இந்த எண் எப்படி வந்தது என்ற கதை சுவையானது. 1926-ஆம் வருஷத்தில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க ரசாயன சாஸ்திரி, பெட்ரோல்களைத் தராதரம் பிரிக்க இரண்டு திரவங்களை எடுத்துக் கொண்டார். ஒன்று, லேசில் நாக்கிங்குக்கு இடங்கொடாத ஐஸோ ஆக்டேன். இதற்கு 100 மார்க்கு. மற்றொன்று, தொட்டதற்கெல்லாம் வெடித்து எழும் ஹெப்டேன், இதற்குப் பூஜ்யம். ஒருவகைப் பைன் மரத்தின் பிசினிலிருந்து இந்த ஹெப்டேன் சுத்தமாகக் கிடைத்தது என்பது ஒரு வேடிக்கை. சோதிக்க வேண்டிய பெட்ரோலை, அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் கூடிய ஒற்றைச் சிலிண்டர் யந்திரத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். 91 பங்கு ஐஸோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவம் எந்த அளவில் தட்ட ஆரம்பிக்கிறதோ, அதே அளவில் இதுவும் தட்டினால் இதற்கு 91 மார்க்கு. அவ்வளவுதான். வண்டி எத்தனை வேகம் போகும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பதெல்லாம் இந்தப் பரீட்சையின் பாடத்திட்டத்திலேயே கிடையாது.

ஆக்டேனை உயர்த்த அக்காலத்தில் கண்டுபிடித்த குறுக்கு வழி ஈயம். தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் கண்ட அந்த ஈயச் சரக்கு உலகமெங்கும் பெட்ரோலில் கலந்து, பல தலைமுறைகளின் மூச்சிலும் ரத்தத்திலும் கலந்தது. நம் நாட்டில் 2000-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியோடு ஈயப் பெட்ரோலுக்கு விடை கொடுத்தார்கள். அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அப்படியானால் அதிக ஆக்டேன் யாருக்குத்தான் தேவை? கலவையை அதிகமாக நசுக்கும் எஞ்சினுக்குத் தேவை. எவ்வளவு நசுக்குகிறது என்பதற்கு அழுத்த விகிதம் என்று ஓர் அளவு உண்டு. பட்டறையில் 'கம்ப்ரெஷன்' என்றால் புரியும். நம்முடைய பக்கத்திலேயே இதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1955-இல் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை தோன்றி, இந்திய ராணுவத்துக்காக இங்கிலாந்து தேசத்துப் புல்லட்டை இங்கே பூட்ட ஆரம்பித்தது. அந்த வண்டி யுத்தத்துக்குப் பிற்பட்ட காலத்து மட்டமான பெட்ரோலையும் குடித்துவிட்டு ஓட வேண்டியிருந்தது. ஆகவே அதன் அழுத்த விகிதம் 6.5-க்கு 1 தான். பிற்பாடு வந்த புது எஞ்சின் புல்லட்டில் இது 8.5 ஆயிற்று. பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஒரகடத்தில் 2013-இலும், வல்லம் வடகாலில் 2017-இலும் அதே கம்பெனியின் புதுத் தொழிற்சாலைகள் எழும்பின. அண்மைக் காலத்து 350 சி.சி. வண்டிகளில் விகிதம் 9.5, ஹிமாலயன் 450 என்ற வண்டியில் 11.5. எண் ஏற ஏற, அதே துளிப் பெட்ரோலிலிருந்து அதிக வேலை வாங்க முடிகிறது. கூடவே பெட்ரோலின் பொறுமையும் அதிகமாய் இருக்க வேண்டியதாகிறது.

இப்பொழுது என் மாணவனுடைய வண்டியைப் பாருங்கள். 6.5 விகிதத்துப் பழைய புல்லட்டுக்கு இன்றைய சாதாரணப் பெட்ரோலே ராஜ போஜனம். அதற்கு நூறு ஆக்டேன் ஊற்றுவது, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கச் சர்வகலாசாலைப் பேராசிரியரை அமர்த்துவது போல. பேராசிரியர் வருவார், சம்பளமும் வாங்கிக் கொள்வார், குழந்தை என்னவோ இரண்டாம் வாய்ப்பாட்டைத்தான் படிக்கும். வண்டி 'பறக்கிறது' என்று அவன் சொன்னதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையில், காலியான சாலையில், கடற்காற்றில் எல்லா வண்டியும் பறக்கத்தான் செய்யும்.

பெரிய கார்களில் நாக்கிங்கை உணர்ந்து, பொறி விழும் நேரத்தை மாற்றிக் கொள்ளும் கருவி இருக்கிறது. அத்தகைய எஞ்சின் நல்ல ஆக்டேன் கிடைத்தால் சற்றுக் கூடுதல் பலத்தை எடுத்துக் கொள்ளக் கூடும். நம்முடைய சாதாரண மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கருவி கிடையாது. உயர்ந்த பெட்ரோல் வந்திருக்கிறது என்ற சமாசாரமே அவற்றுக்குத் தெரிவதில்லை.

விலையைப் பார்ப்போம். இந்தியன் ஆயில் கம்பெனி 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை மதுரா நகரத்துச் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, டில்லியில் லிட்டர் 160 ரூபாய். சாதாரணப் பெட்ரோல் அங்கே 80 ரூபாயைச் சற்றுத் தாண்டியிருந்த சமயம் அது. மாதம் 30 லிட்டர் போடுகிற குடும்பஸ்தர் ஒருவர், லிட்டருக்கு 60 ரூபாய் அதிகம் கொடுக்கிறார் என்று வைத்துக் கொண்டால், மாதத்துக்கு 1,800. வருஷத்துக்கு 21,600 ரூபாய். அவ்வளவு தூரம் போகாமல், 95 என்று எழுதிய குழாயில் லிட்டருக்கு 7 ரூபாய் மட்டும் கூடக் கொடுத்தாலும் வருஷத்தில் 2,520 ரூபாய். இரண்டு டயர் மாற்றுகிற பணத்தில் பெரும் பகுதி இதில் போய்விடும். தேய்ந்த டயரோடு முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டிக் கொண்டு, டாங்கியில் மட்டும் உயர்ந்த பெட்ரோல் வைத்திருக்கும் பேர்வழிகளை நான் கண்டிருக்கிறேன்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. நாம் இப்பொழுது 'சாதாரணம்' என்று சொல்லும் பெட்ரோல் பழைய சாதாரணம் அன்று. கரும்பு, மக்காச்சோளம், நொய்யரிசி முதலியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் என்ற சாராயம் அதில் நூற்றுக்கு 20 பங்கு வரையில் கலக்கப்படுகிறது. 2023 பிப்ரவரியில் சில இடங்களில் தொடங்கிய இந்த 20 பங்குக் கலவை 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. யோசனை புதியதும் அன்று. 1948-இலேயே எஞ்சினுக்கான சாராயத் தொழிலை வளர்க்க இந்தியாவில் ஒரு சட்டம் செய்தார்கள். எத்தனாலின் ஆக்டேன் எண் 108.5 என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில் கூறியிருக்கிறது. முன்பு 88 ஆகவும், பின்பு 91 ஆகவும் இருந்த சாதாரணப் பெட்ரோல், இந்தக் கலவையினால் 95-ஐ எட்டிவிட்டது என்பதும் அதே விளக்கத்தில் காணும் செய்தி. ஆகவே 95 என்று பலகை போட்ட குழாயில் வெறும் ஆக்டேனுக்காகப் பணம் கொடுக்கிறவர், தம் வீட்டுக் கிணற்றில் இருக்கிற தண்ணீரையே வண்டிக்காரனிடம் விலைக்கு வாங்குகிறவர் ஆகிறார். எஞ்சினின் கசடை நீக்கும் மருந்துகள் அதில் சேர்ந்திருக்கின்றன என்கிறார்கள். அவற்றுக்காக எப்பொழுதாவது ஒரு முறை வாங்கினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எத்தனாலுக்கும் குறை உண்டு. லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலைவிட அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆக்டேன் ஏறியது; சக்தி இறங்கியது! எண்ணும் பலமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம். எத்தனாலையே நினையாமல் அமைத்துப் பின்னர் 10 பங்குக் கலவைக்குத் திருத்திய இரு சக்கர வண்டிகளில் இதனால் மைலேஜ் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்று நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்டத்தில் கணித்திருந்தார்கள். தவிரவும், எத்தனால் பழைய ரப்பரை மெல்லக் கெடுக்கக் கூடியது. 2023 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளின் பாகங்கள் இதைத் தாங்கும்படி அமைய வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு முற்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் டியூப், வாஷர், கார்புரேட்டர் ரப்பர் ஆகியவற்றைப் பார்த்து மாற்றிக் கொள்வது நல்லது. எத்தனால் கலவாதது என்பதற்காகவே நூறு ஆக்டேனைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் வெளியே எடுக்கும் பூர்வீகச் சொத்தான வண்டிக்கு அவர்கள் அப்படிச் செய்தால் எனக்குப் புரிகிறது. தினம் வேலைக்குப் போகும் வண்டிக்கு, நல்ல ரப்பர் டியூப் ஒன்றே மலிவான வைத்தியம்.

கடற்கரை ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீரின்மீது தீராத காதல். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வண்டியை வாரக் கணக்கில் வெளியே நிறுத்தி வைத்தால், டாங்கி மூடியின் வயதான ரப்பர் வழியாக மழைநீர் உள்ளே கசிகிறது. கொஞ்சம் தண்ணீரை எத்தனால் கலந்து கொள்ளும். அளவு மீறினால், பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்த் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாயோ அடியிலிருந்துதான் புறப்படுகிறது! முதலில் தண்ணீரும் சாராயமும் போய் வண்டி நின்றுவிடும். பிறகு மேலே மிஞ்சிய பெட்ரோல், எத்தனாலை இழந்து, வாங்கியபோது இருந்த ஆக்டேனும் இல்லாமல் நிற்கும். உப்புக் காற்றில் டாங்கியின் உட்புறம் துருப்பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். எந்த எண்ணுள்ள பெட்ரோல் என்று ஆராய்வதற்கு முன், அது எத்தனை நாளையது, அதில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று ஆராய்வதே எங்கள் பக்கத்துக்குப் பொருத்தம். பட்டறையில் ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் அடியில் தனிப் படலம் தெரிந்துவிடும்.

கலப்படச் சந்தேகம் இருந்தால், பங்கிலேயே வடிதாள் சோதனை கேட்கலாம். கேட்பது நம் உரிமை. தாளில் விட்ட ஒரு துளி நல்ல பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகத் தாழ்வு. சிறிது கலந்தாலும் எஞ்சின் தட்டத் தொடங்கும்.

ஆனால் தட்டுகிற எஞ்சின் எல்லாம் பெட்ரோலினால் தட்டுவதில்லை. திருக்கழுக்குன்றத்தில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"ஐயா, பெட்ரோலைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? புல்லட்டுச் சப்தம் நன்றாயிருக்கிறது என்று தம்பிகள் டாப் கியரில் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்கள். பின்னால் ஓர் ஆள், மேட்டுச் சாலை. அப்படியே முறுக்கினால் தட்டாமல் என்ன செய்யும்? ஒரு கியர் குறைக்கச் சொல்லுங்கள், நின்றுவிடும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. மெதுவான வேகத்தில், பெரிய கியரில், பாரத்தோடு எஞ்சினை வதைத்தால் கலவை நெடுநேரம் நெருக்கத்திலும் சூட்டிலும் கிடக்கிறது, பொறுமையிழக்கிறது. சிலிண்டர் தலையில் கரி படிந்திருந்தாலும், பொறி சீக்கிரமாக விழும்படி டைமிங் தவறியிருந்தாலும், காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்திருந்தாலும் இதே கதைதான். சித்திரை வெயில் நாக்கிங்கை வளர்க்கும். கடற்காற்றின் ஈரம் அதைச் சற்றே தணிக்கும். இந்த ஒரு விஷயத்தில் செங்கல்பட்டுக்காரரைவிட மாமல்லபுரத்துக்காரர் பாக்கியசாலி.

எல்லாம் சரிபார்த்த பிறகும் வண்டி தட்டினால், அல்லது அழுத்த விகிதம் 11, 12 என்று உயர்ந்த வண்டியானால், அப்பொழுது ஒரு படி மேலான பெட்ரோலைப் போட்டுப் பார்ப்பது நியாயம். சப்தம் நின்றால் தொடரலாம். நிற்காவிட்டால் பணத்தை மெக்கானிக்குக் கொடுக்கலாம்.

வண்டிக்கு எந்த எண் வேண்டும் என்பதை நண்பர்களைக் கேட்டு அறிய வேண்டியதில்லை. வண்டியோடு கொடுத்த கையேட்டில், எரிபொருள் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரியில் அச்சிட்டிருப்பார்கள். என் மாணவன் வீட்டில் அந்தக் கையேடு பரண்மேல், பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே கிடைத்தது. அவனுடைய தகப்பனார் அதற்கு அட்டை போட்டு வைத்திருந்தார்.

படிக்கும்போது ஒரு ஜாக்கிரதை மட்டும் தேவை. ஆராய்ச்சி முறை, மோட்டார் முறை என்று ஆக்டேனை அளக்க இரண்டு பரீட்சைகள் இருக்கின்றன. முதலாவதில் எளிய கேள்வி, இரண்டாவதில் கடினமான கேள்வி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் குழாயில் காட்டுவது முதல் பரீட்சையின் மார்க்கு. அமெரிக்காவில் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து எழுதுகிறார்கள். ஆகையால் நியூ ஜெர்ஸியிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர், "எங்கள் ஊரில் எல்லோரும் 87 தானே போடுகிறோம்!" என்று சொன்னால் மிரள வேண்டாம். அவர் அங்கே போடும் 87, ஏறத்தாழ நம்முடைய 91 தான்.